விடிய விடிய வரைபவர்கள்: கட்டடக்கலை அலுவலகங்களும் எங்கள் பிள்ளைகளின் நலமும்

வழமையாக இப்பக்கத்தில் நீரிழிவு, கொலஸ்ரரோல், முழங்கால் வலி என்று மூத்தவர்களின் நோய்களைப் பற்றியே எழுதி வருகின்றோம். இம்முறை இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இருக்கும் எங்கள் பிள்ளைகளைப் பற்றி எழுத வேண்டி வந்துவிட்டது. அதற்குக் காரணம், எமது சங்கத்தின் குளிர்கால ஒன்றுகூடலில் நடந்த ஒரு சிறு உரையாடல்.

சாப்பாடு முடிந்து தேநீர் பரிமாறிக்கொண்டிருந்தபோது, இப்பக்கத்துக்கு உதவி செய்யும் குடும்ப வைத்தியரிடம் ஒரு தாயார் வந்தார்.

"டொக்ரர், மகளுக்கு எந்த நேரமும் களைப்பு. தலைமயிரும் கொட்டுது. இரும்புச்சத்து மாத்திரை ஏதும் வாங்கிக் குடுக்கட்டோ?"

"வேலையால எத்தனை மணிக்கு வாறவ, அக்கா?"

"ஆர்க்கிரெக்ற் ஒஃபிசில வேலை. சில நாளில இரவு ஒரு மணி, ரெண்டு மணியாகும். போன கிழமை ஒரு நாள் வீட்டுக்கே வரேல்லை. நல்ல கெட்டிக்காரி டொக்ரர். அவள் இல்லாட்டில் அந்த ஒஃபிஸ் ஓடாதாம்."

அந்தத் தாயின் குரலில் கவலையைவிடப் பெருமையே கூடுதலாக இருந்தது. இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் களைப்புக்குக் காரணமாகலாம், ஆகவே இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது என்று வைத்தியர் சொன்னார். பிறகு, "மாத்திரைக்கு முதல், பிள்ளை ஒரு கிழமையில எத்தனை மணித்தியாலம் நித்திரை கொள்ளுறா எண்டு ஒரு கொப்பியில எழுதிப் பாருங்கோ அக்கா" என்றார்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எங்களில் பலருக்கு அந்தப் பெருமை நன்றாக விளங்கியது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலையும் பகலில் இன்னொரு வேலையுமாக நின்றவர்கள் நாங்கள். நேரம் பாராமல் உழைப்பதை எங்கள் வீடுகளில் ஒருபோதும் நோயாகப் பார்த்ததில்லை. ஆனால் கட்டடக்கலைத் துறையில் வேலை செய்யும் இளையவர்கள் கடந்த சில வருடங்களாக இதை ஒரு சுகாதாரப் பிரச்சினை என்றும், மாற்றக்கூடிய ஒரு பழக்கம் என்றும் வெளிப்படையாகக் கதைக்கத் தொடங்கியிருக்கின்றார்கள். அவர்கள் சொல்வதைப் பெற்றோராகிய நாமும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

பிரித்தானியாவில் ஒரு பிள்ளை கட்டடக்கலைஞராகப் பதிவு பெறுவதற்கு வழமையான பாதையில் குறைந்தது ஏழு வருடங்கள் செல்கின்றன. மூன்று வருடப் பட்டப்படிப்பு முதற்பகுதி. பிறகு ஓர் அலுவலகத்தில் அனுபவம். மீண்டும் இரண்டு வருட மேற்படிப்பு, மீண்டும் அலுவலகம், கடைசியில் மூன்றாம் பகுதிப் பரீட்சை. அது முடியும் வரைக்கும் "ஆர்க்கிரெக்ற்" என்று தம்மை அழைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்காது. அவர்கள் உதவியாளர்கள் மட்டுமே. இந்தப் பாதையை மாற்றும் வேலையைப் பதிவுச் சபை தொடங்கியுள்ளது என்றாலும், இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பழைய வழியால் வந்தவர்கள்தான். படிப்புக்கடன் ஒரு பக்கம், அனுபவச் சான்றுக்கு முதலாளியின் கையெழுத்து வேண்டும் என்ற நிலை மறுபக்கம். இப்படியிருக்கையில் "இன்றைக்கு ஆறு மணிக்குப் போகப்போகிறேன்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இரவு முழுக்க விழித்திருக்கும் பழக்கம் படிக்கும்போதே ஒட்டிக்கொள்கிறது. இதற்கென்றே இத்துறையில் ஒரு பிரெஞ்சுச் சொல் வழங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் நுண்கலைப் பள்ளியில், கெடு நேரம் வந்ததும் மாணவர்களின் வரைபடங்களைச் சேர்த்துக்கொண்டு போக ஒரு கைவண்டி வரும். அந்த வண்டிக்குப் பெயர் "ஷரெற்". வண்டி வந்த பிறகும் கடைசிக் கோட்டை இழுத்துக்கொண்டு கூடவே ஓடுவார்களாம். இன்றைக்கும் கெடுவுக்கு முன் இரவு பகலாக வேலை செய்வதற்கு அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகின்றார்கள். வண்டி போய் நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது, ஓட்டம் மட்டும் நிற்கவில்லை!

பணக் கணக்கும் இதில் இருக்கின்றது. முன்பு பிரித்தானியாவில் கட்டடக்கலைஞர்களின் கட்டணத்துக்கு ஒரு கட்டாய அட்டவணை இருந்தது. 1980களின் தொடக்கத்தில் அது நீங்கியது. அதன் பிறகு வேலையைப் பிடிப்பதற்காக அலுவலகங்கள் ஒன்றையொன்று விழுத்திக் கட்டணத்தைக் குறைத்தன. வடிவமைப்புப் போட்டிகளில் பங்குபற்றுவதற்குப் பெரும்பாலும் பணமே கிடைப்பதில்லை. குறைந்த கட்டணத்துக்கு ஒப்புக்கொண்ட வேலையை முடிப்பதற்கு மீதி நேரத்தை யார் கொடுப்பது? சம்பளமில்லா ஓவர்ரைம் செய்யும் இளையவர்கள்தான். "கலைமீது உள்ள காதல்" என்று அதற்கு ஓர் அழகான பெயரும் உண்டு. எங்களைக் கேட்டால், வாடகை கட்டுவதற்கு அந்தக் காதல் உதவாது.

உடம்பில் என்ன நடக்கின்றது?

வளர்ந்தவர் ஒருவருக்கு இரவில் குறைந்தது ஏழு மணித்தியால நித்திரை தேவை. 1997இல் "நேச்சர்" சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு, 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கவனமும் கைத்திறனும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று காட்டியது. 24 மணித்தியாலம் விழித்திருந்தால் அது ஏறத்தாழ 0.10 வீதத்துக்குச் சமம். இங்கிலாந்தில் வாகனம் ஓட்டுவதற்கான எல்லை 0.08 என்பதை வாசகர்கள் அறிவீர்கள். விடியும் வரை வேலை செய்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்தக் கையால் வரைந்த படிக்கட்டின் அளவையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஒரு இரவு விழிப்பு ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆண்டுக்கணக்கில் நீளும் வேலைநேரம் வேறு விடயம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் இணைந்து செய்த ஆய்வு 2021 மே மாதம் வெளியானது. கிழமைக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்பவர்களைவிடப் பாரிசவாதம் வரும் ஆபத்து சுமார் 35 வீதமும், மாரடைப்பு முதலிய இருதய நோயால் இறக்கும் ஆபத்து சுமார் 17 வீதமும் அதிகம் என அது மதிப்பிட்டது. 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 745,000 பேர் இதன் காரணமாக இறந்தனர் என்பது அதே ஆய்வின் கணக்கு. 55 மணித்தியாலம் என்றால் ஏதோ பெரிய எண் என்று நினைக்க வேண்டாம். காலை ஒன்பது மணி முதல் இரவு எட்டு மணி வரை, ஐந்து நாட்கள். அவ்வளவுதான். எங்கள் சமூகத்தில் நீரிழிவும் இருதய நோயும் இளவயதிலேயே தலைகாட்டுவதால், இந்த எண்களை நாம் இன்னும் கவனமாகவே பார்க்க வேண்டும்.

மனத்துக்கு நடப்பதைக் கண்டுபிடிப்பது கடினம். "பேர்ன்அவுட்" என்ற சொல்லைப் பிள்ளைகள் பாவிப்பதைக் கேட்டிருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் அதை ஒரு நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்றே 2019இல் விளக்கியது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்லப்பட்டுள்ளன: சக்தியெல்லாம் வற்றிப்போன களைப்பு, வேலையின் மீது வெறுப்பு அல்லது ஒட்டாத தன்மை, முன்பு போல் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. இரண்டாவது அடையாளத்தைத்தான் வீட்டில் நாம் தவறாக விளங்கிக்கொள்கிறோம். ஆசைப்பட்டுப் படித்த படிப்பைப் பற்றி எரிந்து விழுந்து கதைத்தால் "பிள்ளைக்குத் திமிர் வந்திட்டுது" என்கிறோம்.

கழுத்துப் பிடிப்பு, மணிக்கட்டு நோவு, கண் எரிச்சல் ஆகியவை கணினியில் வரைபவர்களுக்கு வரும் சாதாரணத் தொல்லைகள். கண் பரிசோதனைக்கான செலவைக் கேட்டால் முதலாளி கொடுக்க வேண்டும் என்று பிரித்தானியாவில் 1992ஆம் ஆண்டிலிருந்தே விதி இருக்கின்றது. கேட்பவர்கள்தான் குறைவு.

இளையவர்கள் வாய் திறந்தபோது

முதலில் அசைந்தவர்கள் மாணவர்கள். அமெரிக்கக் கட்டடக்கலை மாணவர் அமைப்பு 2002இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, வகுப்பறையிலேயே தொடங்கும் இந்த விழிப்புக் கலாசாரத்தைக் கேள்விக்கு உட்படுத்தியது. அதன் பலனாக, அங்கீகாரம் பெற விரும்பும் ஒவ்வொரு கட்டடக்கலைப் பள்ளியும் இது பற்றி எழுத்தில் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று அங்கீகாரச் சபை கேட்கத் தொடங்கியது. பிரித்தானியாவில் 2016இல் ஒரு கட்டடக்கலைச் சஞ்சிகை நடத்திய மாணவர் கருத்துக்கணிப்பில், படிப்பால் வந்த உளநலப் பிரச்சினைக்காக உதவி பெற்றதாக நான்கில் ஒருவருக்கு மேல் சொன்னார்கள்.

2019இல் இலண்டன் சேர்ப்பன்ரைன் கலைக்கூடத்தின் கோடைகால மண்டபத்தை வடிவமைக்கத் தெரிவான ஜப்பானியக் கட்டடக்கலைஞர் ஜுன்யா இஷிகாமியின் அலுவலகம், பயிற்சிக்கு வருவோருக்குச் சம்பளம் கொடுப்பதில்லை என்ற செய்தி வெளியாகி எதிர்ப்புக் கிளம்பியது. அந்த மண்டபத்துக்கு வேலை செய்யும் எல்லோருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று கலைக்கூடம் சொல்லிவிட்டது. அதே காலத்தில் சிலி நாட்டின் புகழ்பெற்ற எலெமென்ரல் அலுவலகம் மீதும் இதே குறை சொல்லப்பட்டது. அவர்கள் பயிற்சித் திட்டத்தையே நிறுத்திக்கொண்டார்கள். இதைத் திருத்தம் என்பதா, கதவடைப்பு என்பதா என்று எமக்கு இன்னும் தெளிவில்லை.

அதே 2019இல், இலண்டனில் கட்டடக்கலை அலுவலகங்களில் வேலை செய்வோருக்கென ஒரு தொழிற்சங்கப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. துப்புரவுத் தொழிலாளர்களுக்காகப் போராடிப் பெயர்பெற்ற யுனைற்றட் வொய்சஸ் ஒப் த வேள்ட் என்ற சங்கத்தின் கீழ் அது வந்தது. வரைபவர்களும் வரவேற்பறையில் இருப்பவர்களும் ஒரே சங்கத்தில் சேரலாம் என்பது இதில் எங்களுக்குப் பிடித்த விடயம். அடுத்து, பியூச்சர் ஆர்க்கிரெக்ற்ஸ் ஃபுரொன்ற் என்ற பெயரில் மாணவர்களும் உதவியாளர்களும் ஒன்று சேர்ந்தார்கள். தங்களுக்கு நேர்ந்தவற்றைத் திரட்டி, 1834இல் நிறுவப்பட்ட பிரித்தானியக் கட்டடக்கலைஞர்களின் றோயல் நிறுவகத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்.

2022இல் இவர்கள் இன்னும் ஒரு படி ஏறினார்கள். அந்த நிறுவகத்தின் தலைவராக வழமையாக வருபவர் சொந்த அலுவலகம் வைத்திருக்கும் மூத்தவர். இம்முறை சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவர்தான் தலைவராக வேண்டும் என்று கேட்டு, ஒரு வேட்பாளரைத் தேர்ந்து நிறுத்தினார்கள். முயிவா ஓகி என்ற அந்த இளைஞர் அப்போது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். 2022 ஆகஸ்டில் அவர் வென்றார். 2023 செப்டெம்பரில் பதவியேற்று இரண்டு வருடம் பணியாற்றினார். நிறுவகத்தின் வரலாற்றிலேயே மிக இளைய தலைவரும் முதலாவது கறுப்பினத் தலைவரும் அவரே. ஒரு தலைவரால் தனியார் அலுவலகங்களுக்கு "ஆறு மணிக்கு விளக்கை அணையுங்கள்" என்று கட்டளையிட முடியாது. ஆனால் முன்பு தேநீர் அறையில் முணுமுணுத்த கதை, அவரது தெரிவால் துறையின் தலைமைப்பீடம் வரை சென்றது.

அமெரிக்காவில் கதை வேறு விதமாகப் போனது. நியூயோர்க்கில் ஒரு பெரிய அலுவலகத்தில் 2021 டிசம்பரில் சங்கம் அமைக்கும் முயற்சி வெளியில் வந்து, 2022 பெப்ரவரியில் கைவிடப்பட்டது. அதே வருடம் செப்டெம்பரில் பேர்ன்ஹைமர் ஆர்க்கிரெக்சர் என்ற சிறிய அலுவலகத்தின் ஊழியர்கள் சங்கம் அமைத்தபோது, அதன் உரிமையாளர் தாமாகவே அங்கீகரித்தார். பல தசாப்தங்களுக்குப் பின் அந்நாட்டின் தனியார் கட்டடக்கலை அலுவலகம் ஒன்றில் அமைந்த முதற் சங்கம் அது. 2024இல் அவர்களது முதல் கூட்டு ஒப்பந்தமும் கைச்சாத்தானது. முதலாளி எல்லோரும் எதிரி அல்லர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. கட்டணம் குறைத்துக் கேட்கும் போட்டியில் நல்ல மனமுள்ள உரிமையாளரும் அகப்பட்டுத்தான் இருக்கின்றார்.

இவர்கள் கேட்பவை ஆடம்பரமானவை அல்ல. செய்த நேரத்தைப் பதிவு செய்தல், கூடுதல் நேரத்துக்குச் சம்பளமோ விடுப்போ கொடுத்தல், நேரத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் கேட்டல், கெடுவை முன்கூட்டியே சொல்லுதல். சில அலுவலகங்கள் இதற்குப் பதிலாக மதிய வேளையில் யோகாசனமும் ஒரு கூடை பழமும் கொடுக்கின்றன. யோகாசனத்தில் எமக்குக் குறையில்லை. நள்ளிரவு வரை மறித்து வைத்துவிட்டு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுப்பதில்தான் குறை.

சட்டம் எவ்வளவு தூரம் உதவும்?

பிரித்தானியாவில் 1998ஆம் ஆண்டின் வேலைநேர விதிகளின்படி, 17 கிழமைகளின் சராசரியாகப் பார்க்கையில் கிழமைக்கு 48 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் இடையில் 11 மணித்தியால ஓய்வு இருக்க வேண்டும். ஆனால் வேலைக்குச் சேரும் முதல் நாளிலேயே, 48 மணித்தியால எல்லை தமக்கு வேண்டாம் என்ற ஒரு தாளில் பலர் வாசிக்காமலே கையெழுத்து வைத்துவிடுகின்றார்கள். அந்தக் கையெழுத்தை மீளப் பெறலாம் என்பது பலருக்குத் தெரியாது. குறைந்தது ஏழு நாள் முன்னறிவித்தல் எழுத்தில் கொடுத்தால் போதும். ஒப்பந்தத்தில் கூடுதல் காலம் குறிப்பிட்டிருந்தால் அது மூன்று மாதம் வரை இருக்கலாம். இதற்காக வேலையை விட்டு நிறுத்த முடியாது. மேலும், வேலை அழுத்தத்தால் வரும் ஆபத்தை மதிப்பிடுவது முதலாளியின் கடமை. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்த மதிப்பீடு எழுத்தில் இருக்க வேண்டும்.

கனடாவில் உள்ள எமது உறவினர்கள் இதை வாசித்தால் ஒரு விடயத்தைக் கவனிக்கவும். ஒன்ராறியோ மாகாணத்தில் வேலைநேரம், ஓவர்ரைம், ஆகக்குறைந்த சம்பளம் பற்றிய விதிகள் கட்டடக்கலைஞர், சட்டத்தரணி, பொறியியலாளர் போன்ற தொழிலினருக்கும் அத்தொழில்களுக்குப் பயிற்சி பெறும் மாணவர்களுக்கும் பொருந்தாது என்று ஒழுங்குவிதியிலேயே விலக்கு உள்ளது. ஆகவே அங்கே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கின்றது என்பதே முக்கியம். அவுஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்குப் பின் வரும் அழைப்புக்கு நியாயமான அளவில் பதில் சொல்லாமல் விடும் உரிமை சட்டமாகியுள்ளது. சிறு நிறுவனங்களுக்கு அது ஒரு வருடம் கழித்து வந்தது.

வீட்டில் நாம்

களைப்பு இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால், ஓய்வு நாளிலும் நித்திரை வராவிட்டால், சாப்பாட்டில் மனமில்லாவிட்டால், சிநேகிதரைத் தவிர்த்தால், குடும்ப வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள். வேலைநேரத்தையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பத்து நிமிடச் சந்திப்பில் அவராக அதைக் கேட்காமல் விடக்கூடும். இங்கிலாந்தில் உளவள ஆலோசனைச் சேவைக்கு வைத்தியரின் கடிதம் இல்லாமலே நேரடியாக விண்ணப்பிக்கலாம். சுகவீனத்துக்காக ஏழு நாள் வரை வீட்டில் நிற்பதற்கு வைத்தியரின் சான்றிதழ் தேவையில்லை. 1850ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் ஆர்க்கிரெக்ற்ஸ் பெனெவொலன்ற் சொசைற்றி என்ற உதவி அமைப்பு, இத்துறையில் வேலை செய்வோருக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் உதவி செய்கின்றது. உயிரை மாய்க்கும் எண்ணம் பற்றிப் பிள்ளை ஒரு சொல் சொன்னாலும் அதைத் தட்டிக் கழிக்காதீர்கள். 111க்கு அழைத்து உளநலத் தெரிவைக் கேளுங்கள். சமரிற்றன்ஸ் அமைப்பின் 116 123 எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 999.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "உந்த வேலையை விடு" என்று உடனே சொல்வது பெரும்பாலும் உதவுவதில்லை. ஏழு வருடம் படித்த பிள்ளைக்கு அது ஆறுதலாகக் கேட்காது. "பொறுத்துக்கொள், நாங்கள் படாத பாடா" என்பதும் உதவாது. நாங்கள் பட்டது உண்மைதான். அதில் எத்தனை பேர் ஐம்பது வயதில் இருதயச் சத்திரசிகிச்சை செய்துகொண்டோம் என்பதும் உண்மை.

அந்தத் தாயாரைப் பிறகு ஒரு நாள் எமது தமிழ்ப் பாடசாலை வாசலில் சந்தித்தோம். கொப்பியில் எழுதியிருக்கின்றார். முதல் கிழமையில் மகள் நித்திரை கொண்டது ஏழு இரவுக்கும் சேர்த்து 31 மணித்தியாலம். இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்தும் கொஞ்சம் குறைவுதான், மாத்திரை எடுக்கின்றாராம். மகள் தாயின் கொப்பியைப் பார்த்துவிட்டு, தானும் கூட வேலை செய்யும் மூவருமாக ஆறு கிழமை வேலைநேரத்தைக் குறித்து, அலுவலகத்தில் மேற்பார்வை செய்பவரிடம் ஒன்றாகக் கொடுத்திருக்கின்றார்கள். இரவு வேலைக்கு மறுநாள் பிந்தி வரலாம் என்று மட்டும் இப்போதைக்கு ஒத்துக்கொண்டிருக்கின்றார்களாம். சம்பளம் பற்றி இன்னும் பதில் இல்லை.

"நேற்று எட்டு மணிக்கு வந்திட்டாள்" என்றார் தாயார். "இடியப்பம் சூடா இருக்கேக்கையே சாப்பிட்டாள்."